மூச்சு ஒரு முறைதான்

எனக்குக் காது நன்றாகக் கேட்கும், ஐயா. நீங்கள் இவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டியதில்லை. பாதி ஆயுசை ஹெட்செட் மாட்டிக்கொண்டே கழித்தவள் நான். முகம் பார்த்துப் பழக்கம் குறைவு, குரல் போதும். உங்கள் குரலில் ஒரு பிசிறு இருக்கிறது. காலையிலிருந்து வெறும் வயிற்றில் சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. தப்பாக நினைக்க வேண்டாம், தொழில் பழக்கம்.

வசுமதியம்மாவின் கணவர் நரசிம்மனை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டது தேவையில்லாத வேலை. அவர் கல்பாக்கத்தில் எஞ்சினியர். காலையில் ஆபீஸ் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார். மனைவியோடு போனில் சண்டை போட்டது உண்மை, நானே கேட்டிருக்கிறேன். சவுக்குத் தோப்பு ஓரத்து வீடு வேண்டாம், ஈரக்காற்று உனக்கு ஆகாது, குவார்ட்டர்ஸுக்குப் போய்விடலாம் என்று அவர் சொல்வார். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் எனக்கு இருப்பு கொள்கிறது என்று இந்த அம்மா சொல்வார். அவ்வளவுதான் அந்தச் சண்டை. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எதைச் சந்தேகப்பட வேண்டும், எதை விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தச் சிக்கலே வந்தது.

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை நீங்கள் பார்த்தீர்கள். ஒரு அறை, ஒரு போர்டு, ஒரு நாற்காலி. வீட்டில் போன் வைத்திருப்பவர் கைப்பிடியைச் சுற்றினால் என் போர்டில் அவர் நம்பருக்கு மேலிருக்கும் சின்ன மூடி பட்டென்று விழும். நான் ஒயரைச் சொருகி என்ன வேண்டும் என்று கேட்பேன். அவருக்கு யார் வேண்டுமோ அங்கே இன்னொரு ஒயரைச் சொருகுவேன். சாப்பாட்டு வேளை கழிந்தால் சாயங்காலம் வரை மூடி விழுவது அபூர்வம். ஊரே கண்ணயர்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் ஆட்டம்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தது வசுமதியம்மா. முக்கோட்டை என்று பேர். முக்கோணமாக ஒரு பலகை, மூலைக்கு ஒரு கோட்டை, நடுவே கோடுகள். கோடுகள் கூடும் இடத்துக்கெல்லாம் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்தான்: செங்கல்பட்டு, கருங்குழி, மதுராந்தகம், கோவளம், சதுரங்கப்பட்டினம். முறைக்கு ஒரு காயை ஒரு ஊர் நகர்த்தலாம். ஒருவர் கோட்டையிலிருந்து வெளியே போகும் வழியை எல்லாம் அடைத்துவிட்டால் அந்தக் கோட்டை விழுந்தது. தாயம் போடுவது கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. ஆடுகிறவர் மூன்று பேர் என்பதால் இரண்டு பேர் சேர்ந்துகொண்டால் மூன்றாமவர் கதை முடிந்தது. யார் எப்போது யாரோடு சேருகிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதுதான் ஆட்டமே.

வசுமதியம்மாவோடு ஆடியவர்கள் சவுக்கு டிப்போ அப்துல் கையூம் பாயும், ரைஸ் மில் தாமோதரனும். வேலி போட சவுக்குக் கழி கேட்டு இந்த அம்மா பாய்க்குப் போன் செய்ததில் தொடங்கிய பழக்கம். பாய் தாமோதரனை இழுத்துவிட்டார். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. மூன்று வீட்டில் மூன்று பலகை, என் மேஜையில் நாலாவது. ஒருவர் தம் ஆட்டத்தை என்னிடம் சொல்வார், நான் மற்ற இருவருக்கும் சொல்வேன். ஒரு ஆட்டம் முடிய ஒரு மாதம்கூட ஆகும்.

அது நெருக்கடி நிலைச் சமயம். ஒருநாள் வெளியூர் டிரங்க் லைனில் இருந்த ஒருவர் குறுக்கே கேட்டுவிட்டு, மதுராந்தகத்தைப் பிடித்தாயிற்று, கருங்குழியில் இரண்டு ஆளை நிறுத்தியாயிற்று என்று பேசுவது யார் என்று என்னை விசாரித்தார். நெல் வியாபாரம் சார் என்றேன். நெல்லை எதற்கம்மா முற்றுகை போடுகிறார்கள் என்றார். பிறகு இதைச் சொன்னபோது மூவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பேசுவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்பதை அவர் பிடித்துவிட்டார்.

தகராறு வந்தது முறை தவறியதில்தான். தாமோதரனுக்குக் கரண்ட் வரும்போதுதான் மில் ஓடும். மில் ஓடும்போது அவனுக்கு மணி காதில் விழாது. அப்படி அவன் முறையை விட்டபோதெல்லாம் மற்ற இருவரும் ஆடிக்கொண்டே போனார்கள். அவன் திரும்பி வந்தபோது கோட்டை முக்கால்வாசி அடைபட்டிருந்தது.

"நான் இன்னா படுத்துத் தூங்கிக்கினா இருந்தேன்? கரண்டு வந்துகீது, நெல்லு கொட்டிக்கினு கீது. அத வுட்டுட்டு வந்து கருங்குழிக்குப் போறேன் கோவளத்துக்குப் போறேன்னு சொல்லிக்கினு இருந்தா என் பொண்டாட்டி சோத்துல மண்ணைப் போடுவா. இது நாயமா, யக்கா?"

நியாயமில்லைதான். பாய்க்குத் தொழுகை நேரம் இருந்தது. வசுமதியம்மாவுக்கு இரைப்பு, படுத்தால் இரண்டு நாள் எழமாட்டார். மூவருக்கும் முறை தவறக் காரணம் இருந்தது. அதனால் மூவரும் சேர்ந்து, நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள், நீங்களே ஒரு விதி செய்யுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை. நான் யோசித்துத்தான் செய்தேன்.

முறை வந்தவருக்கு மணி அடிப்பேன். சற்று விட்டு இன்னொரு தரம் அடிப்பேன். அப்போதும் எடுக்காவிட்டால், முறை வீணாகாது, அவருக்காக நான் ஆடுவேன். இது ஒன்று. முறை வந்தவர் தம் ஆட்டத்தைச் சொல்லும் வரை அவருக்கு வேறு யாரோடும் இணைப்பு தரமாட்டேன். தாமோதரன் ஆடுமுன் பாயைக் கூப்பிட்டு ரகசியம் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்த இது. இரண்டையும் மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாவது விதி பாய் சொன்னது. முடியாதவர்களுக்கு ஒரு சலுகை வேண்டும் என்றார். ஆட்டத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை, யார் வேண்டுமானாலும் போனை எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் வரை ஆட்டம் நிற்கும். என்ன வார்த்தை என்று கேட்டேன்.

"மூச்சுன்னு வையுங்க, பார்வதம்மா. கபடி ஆடுற பசங்க கோட்டுக்கு வந்து மூச்சு வாங்கிக்கிறானுவ இல்ல, அதும்மாதிரி."

நல்ல வார்த்தை என்று எல்லாருக்கும் பட்டது. வசுமதியம்மாதான் அதிகம் சிரித்தார். "எனக்குன்னே வெச்சாப்பல இருக்கு" என்றார்.

இப்படி ஒருவருக்குப் பதிலாக ஆடுவதைப் பற்றி பாய் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "அது அமானிதம் மாதிரி, பார்வதம்மா. ஒருத்தரு நம்பி வுட்டுட்டுப் போன பொருளு. அவுங்களுக்கு எது நல்லதோ அதைத்தான் நீங்க ஆடணும்." நான் அப்படித்தான் ஆடினேன். பாய்க்காக ஆடும்போது பாயாக யோசித்தேன், தாமோதரனுக்காக ஆடும்போது தாமோதரனாக. கொஞ்ச நாளில் தாமோதரனே, நான் ஆடுறதைவிட நீ ஆடினா என் கோட்டை நல்லா கீது யக்கா என்று சொல்ல ஆரம்பித்தான். உள்ளதைச் சொல்கிறேன், யாராவது முறை தவற மாட்டார்களா என்று மணி அடிக்கும்போதே எனக்கு இருக்கும். அது தப்பில்லை. நான் ஆடினால் ஆட்டம் நன்றாக இருந்தது.

ஆனால் காது சும்மா இருக்காது. மில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தாமோதரன் ஒரு நாள் சாக்குச் சொன்னபோது அவன் குரலுக்குப் பின்னால் மில் சத்தம் இல்லை, ரேடியோவில் பாட்டுக் கேட்டது. சிக்கலான கட்டத்தில் முறையை என் தலையில் தள்ளுகிறான் என்று புரிந்தது. பாய் தொழுகையைச் சொல்லிப் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் தொழுதுவிட்டு வந்தவர் உடனே போனை எடுப்பதில்லை, உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் எடுக்கிறார். அதையும் கவனித்து வைத்தேன்.

வசுமதியம்மா எல்லாரையும் மிஞ்சினார். கடைசி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் கோட்டை விழப்போகும் நேரத்தில் போனை எடுத்து, இழுத்து இழுத்து இருமிவிட்டு, "மூச்சு, ஆபரேட்டர்" என்றார். ஆட்டத்தை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் செங்கல்பட்டிலிருக்கும் தன் அக்காவுக்குப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். லைன் சரியாக இருக்கிறதா என்று ஆபரேட்டர் கேட்டுப் பார்ப்பது உண்டு. நன்றாக மாட்டிக்கொண்டேன், ஒரு இருமல் இருமித் தப்பித்தேன் என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன இழுப்புக்கூட இல்லை.

அவர் என்னை எப்போதும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார். மற்ற இருவருக்கும் என் பெயர் தெரியும். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அந்த அம்மாவுக்கு நிஜமாகவே இரைப்பு உண்டு என்பதையும் நான் மறைக்கவில்லை. டாக்டருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பல தடவை. அவர் வாயைத் திறக்குமுன்பே, சொருகிய ஒயரில் அந்த விசில் சத்தத்தைக் கேட்டவுடனே, டாக்டர் ஒயரையும் சொருகியிருக்கிறேன். அவரே ஒரு தரம், நான் கேக்கறதுக்குள்ளே போட்டுட்டேளே என்று ஆச்சரியப்பட்டார். பொய் இருமலும் நிஜ இழுப்பும் எனக்கு வேறு வேறாகத்தான் கேட்கும். ஆனால் அந்த அக்கா போனுக்குப் பிறகு, எதுவானாலும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். காதை நம்பி ஒருவருக்குச் சலுகை தந்தால் மற்ற இருவருக்கும் அநியாயம். விதி என்று ஒன்று இருக்கிறது.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். அதில் வசுமதியம்மா நடுவிலேயே உடம்பு முடியாமல் படுத்தார். முதல் நாள் மூச்சு சொன்னார், எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் தேறவில்லை. வந்த முறையெல்லாம் நான்தான் அவருக்காக ஆடினேன். ஐயா, நீங்கள் ஆடுகிறவர் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோட்டையைக் காலி செய்துவிட்டு, காய்களை ஒவ்வொன்றாகக் கடலோரமாக நகர்த்தி, கோவளத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் சத்தமில்லாமல் பிடித்து வைத்திருந்தேன். கோட்டை காலி என்று நம்பி பாயும் தாமோதரனும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வெளியே போகும் வழி என் கையில் இருந்தது. அந்தப் பலகையை நான் வீட்டுக்குப் போகும்போதும் மனசில் எடுத்துக்கொண்டு போனேன்.

உடம்பு தேறி வந்தவர் பலகையைப் பார்த்ததும், "என்ன ஆபரேட்டர் இது, கோட்டையைத் துடைச்சு வெச்சிருக்கேளே" என்று சிரித்தார். சதுரங்கப்பட்டினத்துக் காயைப் பின்னுக்கு இழுத்துக் கோட்டைக்குள் போட்டுக்கொண்டார். அவர் காய், அவர் முறை. மற்ற இருவருக்கும் போட்டுச் சொன்னேன், அவர்களும் தங்கள் முறையை ஆடினார்கள்.

அப்படியும் ஆட்டம் சாகவில்லை. இன்னும் ஒரே ஒரு வழி இருந்தது. அடுத்த முறையில் கருங்குழியிலிருந்து மதுராந்தகத்துக்கு ஒரு காயை நகர்த்தினால் இருவரும் ஒரே நேரத்தில் அடைபடுவார்கள். அந்த அம்மாவுக்கு அது தெரியப்போவதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் முறை. மணி அடித்தேன், எடுக்கவில்லை. சற்று விட்டு இன்னொரு தரம் அடிக்க வேண்டும். அதற்குள் அவர் மூடி விழுந்தது. ஒயரைச் சொருகினேன்.

"மூச்சு" என்றார்.

"அது ஆயிடுச்சேம்மா. இந்த ஆட்டத்துக்கு உங்க மூச்சு தீர்ந்துபோச்சு. ஆட்டம் சொல்லுங்க" என்றேன்.

மறுபடி மூச்சு என்றார். பாதிதான் வந்தது. நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன், குரலை உயர்த்தாமல். பிறகு "டா" என்றார். அதற்கு மேல் வரவில்லை. டா என்று தொடங்கும் ஊர் எங்கள் பலகையில் இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன். முறை முடியாமல் வேறு இணைப்பு கிடையாது என்பது அவரும் ஒப்புக்கொண்ட விதி.

அவர் சோழிகளைத்தான் காயாக வைத்திருந்தார். அவை தரையில் சிதறும் சத்தம் கேட்டது. பின்னால் கடல் சத்தம். பிறகு அந்த விசில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. நான் அவசரப்படுத்தவில்லை. யாருக்கும் கொடுக்கும் நேரத்தை அவருக்கும் கொடுத்தேன், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தேன். அவர் எந்த ஊரையும் சொல்லவில்லை. ஒயரை எடுத்துவிட்டு, அவருக்காக, கருங்குழிக் காயை மதுராந்தகத்தில் வைத்தேன்.

வைத்த கை எடுக்குமுன் அவர் மூடி மறுபடி விழுந்தது. அதாவது அப்போதும் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார். ஆடி முடித்த முறையைத் திருப்பித் தருவதில்லை. தாமோதரனுக்கு ஒருமுறை அப்படி மறுத்திருக்கிறேன். இவருக்கு மட்டும் எப்படித் தருவது.

தாமோதரனுக்குப் போட்டு ஆட்டத்தைச் சொன்னேன்.

"இது அந்தம்மா ஆட்டம் இல்லியே யக்கா. இது உன் கைவரிசை."

"அவங்க முறை தவறிட்டாங்க. நான் ஆடினேன்."

"இன்னாவாம் அவுங்களுக்கு?"

"மணி அடிச்சேன். எடுக்கலை."

அது பொய்யில்லை, ஐயா. மணி அடித்தேன், எடுக்கவில்லை. பிறகு அவராகச் சுற்றியது வேறு விஷயம்.

சாயங்காலம் போர்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். நரசிம்மன் பஸ் இறங்கி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்ததாம். காலையில் அவர் எக்ஸ்சேஞ்சுக்கே வந்தார். என் மனைவி போனில் கூப்பிட்டாளா என்று கேட்டார். அந்த மனிதரை மேலும் வருத்தப்படுத்த எனக்கு மனசில்லை. உப்புக் காற்றில் லைன் போயிருந்தது என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டேன்.

அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றவர் லைன்மேன் ஞானதாஸ். நரசிம்மன் போனபின் போர்டுக்குக் கிட்டே வந்து வசுமதியம்மா நம்பர் மேல் விரலை நீட்டினார்.

"லைன் போயிருந்தா இந்த மூடி எப்படிம்மா வுழுந்து கெடக்குது?"

நான் அதைத் தூக்கிவிடவில்லை. தூக்கினால் வசுமதியம்மா கூப்பிட்டதை நான் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று அப்படியே விட்டிருந்தேன். சரி, ஈரத்தில் தானாக விழுந்திருக்கும் என்றேன். ஞானதாஸ் அந்த வீட்டு லைனைத் தானே போய் சோதித்துவிட்டு, லைனில் ஒரு குறையும் இல்லை என்று உங்களிடம் வந்து சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன். சந்தேகப்படுவது நல்ல பழக்கம்.

ஆட்டம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. துஷ்டி கேட்டுவிட்டு வந்த பாயைக் கூப்பிட்டு, உங்கள் முறை என்றேன். "பலகையை அடுப்புல வெச்சிட்டேன், பார்வதம்மா. நீங்களும் வெச்சிருங்க" என்றார். தாமோதரன் மணி அடித்தால் எடுப்பதே இல்லை. முறை வந்தும் ஆடாதவர்களுக்கு விதி ஒன்றுதான். இப்போது மூவருக்கும் நானே ஆடிக்கொண்டிருக்கிறேன். பாய்க்கு எது நல்லதோ அது, தாமோதரனுக்கு எது நல்லதோ அது. அப்படி ஆடியும் வசுமதியம்மாதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். நான் பாரபட்சம் பார்ப்பவளாக இருந்தால், என்னை ஆபரேட்டர் என்று கூப்பிட்டவரை ஜெயிக்க விடுவேனா?

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு வருகிறேன். அவர் சொன்னது எந்த மூச்சு என்று எனக்குத் தெரிந்ததா என்கிறீர்கள். தெரியும். அவர் அந்தச் சொல்லைச் சொல்லும் முன்னால், வெறும் ஒயரைச் சொருகியபோதே தெரியும். டாக்டர் அன்று வீட்டில்தான் இருந்தார், அவருடைய ஒயரும் என் இன்னொரு கையில்தான் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். வசுமதியம்மா ஒரே ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், ஐயா, உடனே போட்டுக் கொடுத்திருப்பேன்.